பழைய கேரவன் வாங்கியவர்கள் முதலில் கூரைமேல் ஏறிப் பாருங்கள்

மதுரை ஒத்தக்கடையில் ஒரு டிங்கர் பட்டறை. நான் வாங்கி வந்த வேனை ஒரு தடவை சுற்றி நடந்த பெரியவர், மேசை டிராயரிலிருந்து பழைய ஸ்பீக்கர் காந்தம் ஒன்றை எடுத்தார். பெயின்ட் கீறாமல் இருக்க அதைத் துணியில் சுற்றி, ஜன்னலுக்குக் கீழே வைத்தார். பிடித்துக்கொண்டது. ஒரு சாண் கீழே நகர்த்தினார். வழுக்கியது. பின்சக்கரத்து வளைவுக்குப் பக்கத்தில் கொண்டுபோனதும் பொத்தென்று தரையில் விழுந்தது. "தம்பி, காந்தம் நிக்கலைன்னா உள்ள தகரம் இல்லைன்னு அர்த்தம். இதுல பூராம் பட்டி" என்றார். துரு தின்ற இடத்தில் பட்டி வைத்து, தேய்த்து, புது பெயின்ட் அடித்து எனக்கு விற்றிருந்தார்கள். அந்தப் பளபளப்பைப் பார்த்துத்தான் நான் பணம் கொடுத்திருந்தேன்.

நம் பக்கத்தில் கேரவன் என்றால் பலருக்கும் சினிமா ஷூட்டிங்கில் நிற்கும் வண்டிதான் ஞாபகம் வரும். இப்போது குடும்பத்தோடு ஊர் சுற்ற, டிராவலர் வேனில் சீட்டுகளைக் கழற்றிக் கட்டில், அடுப்பு, சின்ன ஃபிரிட்ஜ் வைத்த வண்டிகள் கைமாறி வருகின்றன. அப்படி ஒன்றைப் புதிதாக வாங்கியவர்களுக்காக இதை எழுதுகிறேன். முழுக்கப் படிக்க நேரமில்லை என்றாலும் இதை மட்டும் மனதில் வையுங்கள்: கட்டில், திரைச்சீலை, அலங்கார விளக்கு எதிலும் கை வைக்கும் முன், அந்த வண்டி உங்கள் கையில் ஒரு மழையையும் ஒரு மலையையும் பார்த்தாக வேண்டும். மழை உடம்பைக் காட்டிக்கொடுக்கும், மலை இன்ஜினையும் பிரேக்கையும் காட்டிக்கொடுக்கும். அதற்கு முன்னால் உள்ளே செலவழித்த பணத்தைப் பின்னால் பிரித்துப் போட வேண்டி வரும்.

காகிதத்தை முடித்துவிடுங்கள்

ஆர்.சி. புத்தகத்தில் வண்டி எந்த வகை என்று எழுதியிருக்கிறது என்பதைப் பாருங்கள். பன்னிரண்டு சீட் பயணிகள் வேன் என்று இருந்து, உள்ளே கட்டிலும் அடுப்பும் இருந்தால் அது சிக்கல். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவுப்படி, பதிவில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியின் அமைப்பை இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதியாகச் சொல்லிவிட்டது. மாற்றத்தை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பதிவு செய்யாமல் ஓட்டினால் அபராதத்தோடு போகாது. விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ் கிளெய்மை நிராகரிக்க அதுவே காரணமாகிவிடும். ஆகவே பேரம் பேசும்போதே கேளுங்கள். கேரவன் என்றே பதிவான வண்டி கொஞ்சம் விலை கூடினாலும் லாபம்தான்.

மஞ்சள் போர்டு வண்டி என்றால் எஃப்.சி. (தகுதிச் சான்று) எதுவரை இருக்கிறது என்று பாருங்கள். எட்டு வருஷம் வரை இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை, அதற்குப் பிறகு வருஷா வருஷம். சொந்த உபயோக வண்டிக்குப் பதினைந்து வருஷத்தில் ஆர்.சி.யைப் புதுப்பிக்க வேண்டும். பெயர் மாற்றத்துக்கு 29, 30-ஆம் படிவங்கள். கடன் இருந்து அடைத்திருந்தால் 35-ஆம் படிவம். வேறு மாநில வண்டி என்றால் தடையில்லாச் சான்றும் (என்.ஓ.சி.) இங்கே வரியும். மதுரையில் முகவரிப்படி டி.என். 58, 59, 64 என்று மூன்று அலுவலகங்கள். உங்கள் தெரு எதில் வருகிறது என்று முதலிலேயே கேட்டுக்கொண்டால் அலைச்சல் குறையும்.

ஓடுகிற பாகம்

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் வருஷத்தின் 23-ஆவது வாரம் செய்தது. கேரவன்கள் பெரும்பாலும் நின்றுகொண்டே இருப்பவை. அதனால் பட்டன் தேயாமல் புதுசு போலவே இருக்கும். ஆனால் ரப்பர் மதுரை வெயிலில் காய்ந்து மயிரிழை வெடிப்பு விட்டிருக்கும். ஆறு வருஷம் தாண்டிய டயரைப் பட்டன் இருந்தாலும் மாற்றிவிடுங்கள். ஸ்டெப்னியையும் சேர்த்துத்தான்.

பிரேக் ஆயிலைப் பலர் மறந்தே போகிறார்கள். அது காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஏற ஏற அதன் கொதிநிலை இறங்கும். வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானலுக்கு ஏறும்போது ஒன்றும் தெரியாது. இறங்கும்போது பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் அந்தச் சூட்டில் ஆயில் கொதித்து ஆவியாகி, பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போய்விடும். மூடியைத் திறந்து பாருங்கள். தேன் நிறம் போய்க் காப்பி நிறத்தில் இருந்தால் முழுக்க மாற்றுங்கள். பிறகும் இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை. மூடியில் எழுதியிருக்கும் வகையைத்தான் ஊற்ற வேண்டும். கூடவே வீலைக் கழற்றிப் பிரேக் ஷூ, வீல் சிலிண்டர் கசிவு, வேக்வம் பூஸ்டர் ஹோஸ் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள்.

ரேடியேட்டரில் போர் தண்ணீர் ஊற்றி ஓட்டிய வண்டிகள் நம் பக்கம் நிறைய. உப்புத் தண்ணீர் உள்ளே சுண்ணாம்பாகப் படிந்து குழாய்களை அடைத்துவிடும். மூடிக்குள் விரல் விட்டுப் பாருங்கள். செம்மண் குழம்பு மாதிரி வந்தால் ரேடியேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து, கூலண்டையும் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரையும் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றுங்கள். இன்ஜின் ஆறிய பிறகுதான் மூடியைத் தொட வேண்டும். ஹோஸ், பெல்ட் எல்லாம் ரப்பர்தானே, பழசாக இருந்தால் ஒரே மூச்சில் மாற்றிவிடலாம். பழைய பெல்ட்டைத் தூக்கிப் போடாமல் வண்டியிலேயே வையுங்கள், வழியில் அவசரத்துக்கு ஆகும்.

இன்ஜின் ஆயில், ஃபில்டர்கள், கியர் பாக்ஸ் ஆயில், டிஃபரன்ஷியல் ஆயில் இதையெல்லாம் முன்னாடி ஓனர் எப்போது மாற்றினார் என்று விசாரிக்கவே வேண்டாம். இன்றைக்கு மாற்றி, கிலோமீட்டரை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

எடை மேடைக்கு ஒரு நடை

செலவு குறைவான, ஆனால் யாரும் செய்யாத வேலை இது. லாரிகள் எடை போடும் மேடைக்கு வண்டியைக் கொண்டுபோய் முதலில் முன்சக்கரத்தை மட்டும் ஏற்றி எடை பாருங்கள். அடுத்து முழு வண்டி. பிறகு பின்சக்கரம் மட்டும். தண்ணீர் டேங்க் நிரம்பி, சிலிண்டர், துணிமணி, ஆட்கள் எல்லாம் உள்ளே இருக்க வேண்டும். வந்த கணக்கை ஆர்.சி.யில் உள்ள மொத்த எடையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

நூறு லிட்டர் தண்ணீர் என்றால் நூறு கிலோ. வீட்டு இன்வெர்ட்டருக்குப் போடும் 150 ஏஹெச் (ஆம்பியர்-ஹவர்) டியூபுலர் பேட்டரி ஒன்று ஐம்பது கிலோவை ஒட்டி வரும். எட்டுக்கு நாலு அடி, 18 மில்லி பிளைவுட் பலகை ஒன்று முப்பது கிலோவைத் தாண்டும். வீட்டுக்கு அலமாரி செய்கிற ஆசாரி, வீட்டுக் கனத்திலேயே இங்கும் செய்துவிடுவார். நல்ல மனசோடு உறுதியாகச் செய்வார், வண்டிதான் தாங்காது. கட்டில் சட்டத்துக்கு அலுமினியச் சேனல், அதன்மேல் 12 மில்லி பலகை போதும். எடை பின்னால் கூடிப்போனால் வண்டியைத் தாங்கும் லீஃப் பட்டை (ஸ்பிரிங்) தட்டையாகி, வண்டி மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கும். ராத்திரியில் ஹெட்லைட் எதிரே வருகிறவர் கண்ணில் அடிக்கும். பட்டை ஒன்றைக் கூடுதலாகப் போடலாமே என்று சொல்வார்கள். அனுமதித்த எடை அதனால் கூடிவிடாது. சாமானைக் குறைப்பதுதான் வழி.

கூரை

இதற்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். பழைய கேரவனைக் கொல்வது துரு. துருவைக் கொண்டுவருவது கூரைக் கசிவு. மதுரையில் நல்ல மழை ஐப்பசி, கார்த்திகையில்தான். அதுவரை காத்திருக்க வேண்டாம், மழையை நீங்களே பெய்ய வையுங்கள்.

ஏணி போட்டு ஏறுங்கள். கூரை நடுவில் மிதிக்காமல், குறுக்குச் சட்டம் ஓடும் இடத்தில் ஒரு பலகை போட்டு, அதன்மேல் மண்டியிடுங்கள். ஏ.சி. யூனிட்டு, மேல் ஜன்னல், கேரியர் கால், டி.வி. கேபிள் நுழையும் ஓட்டை, சோலார் பிராக்கெட் என்று எங்கெல்லாம் திருகாணி கூரையைத் துளைத்திருக்கிறதோ அங்கெல்லாம் விரலால் தடவுங்கள். சீலன்ட் விரலோடு உரிந்து வந்தால், அல்லது நகம் உள்ளே போகிற மாதிரி விரிசல் விட்டிருந்தால் அங்கே வழி இருக்கிறது. கீழே இறங்கி ஒரு ஆளை டார்ச்சோடு உள்ளே உட்கார வையுங்கள். ஹோஸ் பைப்பில் தண்ணீரைக் கீழ் விளிம்பிலிருந்து மேல்நோக்கி, ஒவ்வொரு இடத்திலும் ஐந்து நிமிஷம் நிற்க விட்டு அடியுங்கள். மேலிருந்து மொத்தமாக ஊற்றினால் எது எங்கே நுழைந்தது என்று கண்டுபிடிக்க முடியாது. எங்கள் வண்டியில் என் மனைவி உள்ளே இருந்தார். ஏ.சி. பக்கம் அடித்தபோது ஒன்றும் இல்லை. பின்கதவுக்கு மேலிருந்த பழைய கேரியர் திருகாணியில் அடித்த மூன்றாவது நிமிஷம், "இங்க பாருங்க, கட்டில் தலைமாட்டுல சொட்டுது" என்று குரல் வந்தது. தண்ணீர் நுழைந்த இடத்துக்கும் சொட்டிய இடத்துக்கும் நான்கு அடி தூரம். உள்கூரைப் பலகைக்கு மேலே சட்டத்தோடு ஊர்ந்து வந்திருக்கிறது. அதனால் சொட்டுகிற இடத்தில் உள்ளேயிருந்து சீலன்ட் அடிப்பதில் ஒரு பயனும் இல்லை. வெளியே, நுழைகிற இடத்தில்தான் அடைக்க வேண்டும்.

அடைக்கும் முறை: பழைய சீலன்ட்டைப் பிளாஸ்டிக் சுரண்டியால் முழுக்கச் சுரண்டி எடுங்கள். துருவை உப்புத்தாளால் தேய்த்து, தின்னரில் துடைத்து, மெட்டல் பிரைமர் அடித்துக் காயவிடுங்கள். பிறகு பாலியூரித்தேன் சீலன்ட். கண்ணாடிக் கடையில் கிடைக்கும் சிலிக்கான் வேண்டாம். புளித்த காடி வாடை அடிக்கிற சிலிக்கான் வகை தகரத்தையே அரிக்கும். மேலும் ஒரு தடவை சிலிக்கான் பட்ட இடத்தில் பின்னால் வேறு எதுவும் சரியாக ஒட்டாது. தேவையில்லாத கேரியரைக் கழற்றி, ஓட்டைகளைத் தகரத் துண்டு வைத்து அடைத்துவிடுவது எல்லாவற்றிலும் மேல்.

உள்ளே பலகைகளை, முக்கியமாக ஜன்னல் மூலைகளையும் தரை ஓரங்களையும், கட்டை விரலால் அழுத்திக்கொண்டே வாருங்கள். ஊறிய பிளைவுட் ரொட்டி மாதிரி அமுங்கும். அந்த இடத்தைப் பிரித்துப் பார்க்காமல் மேலே புது மைக்கா ஒட்டாதீர்கள்.

கூரையைப் பார்த்த கையோடு வெப்பத்துக்கும் வழி செய்துவிடலாம். வெளியே வெள்ளை நிற வெப்பத் தடுப்பு பெயின்ட். உள்ளே பலகையைக் கழற்றியிருந்தால் ஈரம் குடிக்காத நைட்ரைல் ரப்பர் ஷீட்டைத் தகரத்தோடு இடைவெளி இல்லாமல் ஒட்டுங்கள். கத்திரி வெயிலில் மதியம் இரண்டு மணிக்குக் கூரையை உள்ளேயிருந்து தொட்டுப் பார்த்தால் வித்தியாசம் கையில் தெரியும்.

எல்லாம் முடிந்ததும் தரையிலிருந்து கூரையின் உச்சிவரை உயரத்தை அளந்து, அடி அங்குலத்தில் எழுதி டிரைவர் கண்ணெதிரே ஒட்டுங்கள். சோலார் போட்ட பிறகு மறுபடி அளக்க வேண்டும். மதுரை கர்டர் பாலம் மாதிரி ரயில் பாலங்களுக்கு அடியில் நுழையும்போது, கூடுதலான அரை அடி உயரம் என்னென்ன செய்யும் என்பதை அங்கே போய்த் தெரிந்துகொள்ளக் கூடாது. மழை நாளில் அங்கே தேங்கும் தண்ணீரிலும் இறக்காதீர்கள்.

கரன்ட்

12 வோல்ட் வயரிங்கை வீட்டு எலக்ட்ரீஷியன் கையில் கொடுக்கும் முன், அவரோடு உட்கார்ந்து ஒரு கணக்கைப் போடுங்கள். 60 வாட் சாமான் வீட்டில் 230 வோல்ட்டில் கால் ஆம்பியர்தான் இழுக்கும். வண்டியில் 12 வோல்ட்டில் ஐந்து ஆம்பியர் இழுக்கும். எங்கள் ஃபிரிட்ஜ் பகலில் ஓடியது, ராத்திரி ராத்திரி நின்றுபோனது. பேட்டரி போய்விட்டது என்று நினைத்தோம். பேட்டரி முனையில் மீட்டர் வைத்தால் 12.4 வோல்ட், ஃபிரிட்ஜ் பிளக்கில் வைத்தால் 11. முன்பு யாரோ எட்டு மீட்டர் தூரத்துக்கு 1 சதுர மில்லி வயர் இழுத்திருந்தார்கள். போய்வர 16 மீட்டர் செம்பில், ஐந்து ஆம்பியருக்கு ஏறக்குறைய 1.4 வோல்ட் வழியிலேயே செத்துவிடும். பேட்டரி தீர்ந்துபோனதாக நினைத்து ஃபிரிட்ஜ் தன்னை நிறுத்திக்கொண்டது. 4 சதுர மில்லி வயர் மாற்றினோம், இழப்பு 0.4 வோல்ட்டுக்குள் வந்துவிட்டது. பேட்டரி மாற்ற வேண்டியே இருக்கவில்லை.

ஒரு நாளைக்கு எவ்வளவு வேண்டும் என்று பாருங்கள். கரன்ட் குறைவாக இழுக்கும் பி.எல்.டி.சி. ஃபேன் இரண்டு, தலா 25 வாட், எட்டு மணி நேரம்: 400 வாட்-ஹவர். சின்ன கம்ப்ரஸர் ஃபிரிட்ஜ் நம் வெயிலுக்கு 500. எல்.இ.டி. விளக்குகள் 100. போன், லேப்டாப், தண்ணீர் பம்ப் சேர்த்து 170. மொத்தம் 1,170. டியூபுலர் மாதிரி ஈய அமிலப் பேட்டரியைப் பாதிக்குமேல் இறக்கினால் ஆயுள் போய்விடும், ஆகவே 150 ஏஹெச் டியூபுலரில் நமக்குக் கிடைப்பது 900தான். 100 ஏஹெச் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி 1,280 தரும். அதில் பெரும்பகுதியை எடுக்கலாம், எடையும் பன்னிரண்டு கிலோ அளவுதான். விலை கூடுதல். வாரக் கடைசியில் மட்டும் போகிறவர்களுக்கு டியூபுலரே போதும். அடிக்கடி மலை ஏறுகிறவர்கள் எடையை நினைத்து லித்தியம் போடலாம் என்பது என் கருத்து.

இரண்டில் எதுவானாலும் இன்ஜின் ஸ்டார்ட் பேட்டரி தனி, உள்ளே ஃபேன், ஃபிரிட்ஜ் ஓட்டும் பேட்டரி தனி. காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகாமல் சிறுமலை உச்சியில் நிற்காமலிருக்க இது ஒன்றே வழி. லித்தியத்தை ஆல்டர்னேட்டரோடு (இன்ஜின் ஓடும்போது கரன்ட் தருவது) நேராக இணைத்தால் அது இழுக்கிற இழுப்பில் ஆல்டர்னேட்டர் சூடாகிக் கருகும்; நடுவில் அந்த இழுப்பைக் கட்டுப்படுத்தும் டிசி-டிசி சார்ஜர் கட்டாயம். 330 வாட் சோலார் பேனல் ஒன்று, பேனலிலிருந்து அதிகபட்ச மின்சாரத்தை எடுக்கும் எம்.பி.பி.டி. கண்ட்ரோலரோடு, நல்ல வெயில் நாளில் 1,200 வாட்-ஹவர் அளவுக்குக் கொடுத்துவிடும். பேனலைக் கூரையோடு ஒட்டிப் படுக்க வைக்காமல் இரண்டு அங்குலமாவது தூக்கி வையுங்கள். சூடானால் பேனலின் திறன் குறையும், அடியில் காற்று ஓடினால் கூரையும் குளிரும்.

ஃபியூஸ் எங்கே என்றால், பேட்டரி பிளஸ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள். பேட்டரிக்கும் ஃபியூஸுக்கும் நடுவில் வயர் உரசித் தகரத்தில் பட்டால் தீதான். 1,000 வாட் இன்வெர்ட்டர் 12 வோல்ட்டில் நூறு ஆம்பியரை நெருங்கும். அதற்கு 35 சதுர மில்லி கேபிள் வேண்டும். தகரத்தைத் துளைத்து வயர் போகும் ஒவ்வொரு இடத்திலும் ரப்பர் புஷ். வண்டி தென்னந்தோப்புப் பக்கம் நிற்கிறதென்றால் எலியும் அணிலும் வயரைக் கடிக்கும், வயர்களை ஃபிளெக்ஸிபிள் பைப்புக்குள் விட்டுவிடுங்கள். ராத்திரி முழுக்க ஏ.சி. ஓட்டும் ஆசை மட்டும் இந்தப் பேட்டரிக்கு அடங்காது.

அடுப்பும் மூச்சும்

சமையல் வாயு காற்றைவிடக் கனம். கசிந்தால் தரையில்தான் தேங்கும். அதனால் சிலிண்டர் வைக்கும் பெட்டி படுக்கும் இடத்திலிருந்து அடைக்கப்பட்டு, அடியில் தரைவழியே வெளியே காற்றுப் போகும் ஓட்டையோடு இருக்க வேண்டும். கேஸ் டிடெக்டரும் தரையை ஒட்டி. 5 கிலோ சிலிண்டரே போதும், நிற்கவைத்துப் பட்டையால் கட்டுங்கள். டியூபில் அச்சிட்ட தேதியைப் பாருங்கள். ஒவ்வொரு பயணத்துக்கு முன்னும் இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவி, குமிழி வருகிறதா என்று பாருங்கள். ஓடும்போது ரெகுலேட்டர் மூடியே இருக்க வேண்டும்.

2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில், சாலையோரம் நின்றிருந்த ஒரு கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்து கிடந்தார்கள். ஜெனரேட்டரிலிருந்து வந்த கார்பன் மோனாக்சைடு உள்ளே புகுந்ததுதான் காரணம் என்று பிறகு தெரியவந்தது. அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. படுத்திருப்பவர் எழுந்திருக்கவே மாட்டார். இன்ஜினையோ ஜெனரேட்டரையோ ஓடவிட்டுத் தூங்காதீர்கள். குளிர் என்று கொடைக்கானலில் அடுப்பைப் பற்றவைத்து ஜன்னலை மூடிவிட்டுப் படுக்காதீர்கள். கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றைக் கட்டில் பக்கம் மாட்டுங்கள். கதவருகே 2 கிலோ ஏ.பி.சி. பவுடர் தீயணைப்பான். வீட்டில் எல்லோருக்கும், குழந்தைகளுக்கும்கூட, அதன் பின்னை இழுக்கத் தெரிய வேண்டும்.

தண்ணீர்

பழைய டேங்கை முகர்ந்து பாருங்கள். பாசி வாடை அடித்தால், நூறு லிட்டருக்கு 15 முதல் 20 கிராம் பிளீச்சிங் பவுடரை ஒரு வாளியில் கரைத்துத் தெளியவிட்டு, தெளிவை மட்டும் நிறைந்த டேங்கில் ஊற்றுங்கள். எல்லாக் குழாயையும் வாடை வரும்வரை திறந்து மூடி, நான்கு மணி நேரம் கழித்து வடித்துவிட்டு இரண்டு தடவை அலசுங்கள். டேங்கைப் பின்சக்கர அச்சுக்கு முன்னால் வைப்பது நல்லது. கழிப்பறைக் கேசட்டை (கழற்றி எடுக்கும் கழிவுப் பெட்டி) வீட்டு செப்டிக் டேங்கில் மட்டும் காலிசெய்யுங்கள். வைகையிலோ, வழியில் தென்படும் கண்மாயிலோ ஒரு சொட்டுக்கூடப் போகக் கூடாது. அந்தத் தண்ணீரில் இன்னொருவர் மாடு குளிப்பாட்டுவார்.

முதல் பயணங்கள்

முதலில் அழகர்கோயில்வரை போய்வாருங்கள், ஏதாவது ஆடுகிறதா, கதவு திறந்துகொள்கிறதா என்று கேட்பதற்காக. அடுத்து சிறுமலை, 18 கொண்டை ஊசி வளைவுகள். ஏறும்போது டெம்பரேச்சர் முள்ளையும், இறங்கும்போது பிரேக் பெடலையும் கவனியுங்கள். ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும். பிரேக்கை விட்டு விட்டு அழுத்த வேண்டும். கருகின வாடை வந்தால் ஓரங்கட்டி அரை மணி நேரம் ஆறவிடுங்கள், டிரம்மில் தண்ணீர் ஊற்றாதீர்கள். இது இரண்டும் சரியாக இருந்தால் கொடைக்கானல் போகலாம். 2024 மே மாதத்திலிருந்து அங்கே போக இ-பாஸ் வேண்டும், கிளம்பும் முன்பே எடுத்துவிடுங்கள்.

தனுஷ்கோடிக்குப் போய் வந்தவர்கள், ஊர் திரும்பிய மறுநாளே வாட்டர் சர்வீஸில் லிஃப்டில் ஏற்றி அடிப்பாகம் முழுக்க நல்ல தண்ணீரில் அடிக்கச் சொல்லுங்கள். சக்கர வளைவுக்குள்ளும், லீஃப் பட்டைக் கண்ணிகளிலும், சைலன்சர் பிடிப்புகளிலும் உப்பு மணல் ஒட்டியிருக்கும். ஒரு நாள் வெயிலில் முழுக்கக் காயவிட்டு, அதற்கப்புறம்தான் வண்டிக்குக் கவர் போட வேண்டும்.